பாயான் லெப்பாஸ் அளவைக்கூடம் ஒன்றின் 40 கிகாஹெர்ட்ஸ் எஸ்-பாராமீட்டர் சேவை: உரசிப் பார்த்த மதிப்பாய்வு

எஸ்-பாராமீட்டர் என்பது, ஒரு பொருளுக்குள் அனுப்பிய சமிக்ஞையில் எவ்வளவு திரும்புகிறது (எஸ்11, எஸ்22), எவ்வளவு மறுபக்கம் போகிறது (எஸ்21, எஸ்12) என்று ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சொல்லும் எண்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 26.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் என்றால் இந்தக் கூடத்துக்குத் தயங்காமல் மின்சுற்றுப் போர்டை அனுப்பலாம். 40 வரை வேண்டும் என்றால், எதையெல்லாம் சோதித்துத் தர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். எழுதாவிட்டாலும் கோப்பு வரும், வளைகோடுகள் வழவழப்பாகவே இருக்கும். ஆனால் 30-க்கு மேலே அதில் எது போர்டு, எது கனெக்டர் என்று பிரிக்க முடியாது.

பினாங்கில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்துக்கு முதலில் வந்த நிறுவனங்களில் ஹியூலெட்-பேக்கார்டும் ஒன்று. அந்த வழியில் வந்த கீசைட் இன்றும் அங்கேதான் இருக்கிறது. மைக்ரோவேவ் கருவிகளோடு பழகிய கைகள் தீவு முழுக்க உண்டு, தமிழர்களும் அதில் நிறையப் பேர். இந்தக் கூடத்திலும் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், "ஐ.எஃப். பேண்ட்விட்த்த எவ்வளவு வைக்கட்டும் அண்ணே?" (கருவியின் உள்வடிகட்டி அகலம் அது) என்று தமிழிலேயே கேட்டு வேலை செய்து தருகிறார்கள். பெயரை இங்கே போடவில்லை. சுட்டிக்காட்டிய குறைகளை ஒத்துக்கொண்டு வேலைப் படிவத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அது முடியும் முன்னே பெயரைச் சந்திக்கு இழுப்பது நியாயமில்லை.

சோதனைக்குக் கொடுத்தவை இவை: 2.92 மி.மீ. கனெக்டர் பூட்டிய 10 செ.மீ. ஸ்ட்ரிப்லைன் (உள்ளடுக்கில் ஓடும் தடம்) போர்டு, அதே பேனலில் வெட்டிய 2எக்ஸ்-துரூ (போர்டின் இரண்டு முனைப் பாகங்களை மட்டும் நேராக ஒட்டிய துண்டு), ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிள், 3.5 மி.மீ. பீட்டி ஏர்லைன் (உள்ளே காற்று நிரம்பிய கோஆக்ஸ் துண்டு), 2.92-இல் ஒரு டி-இணைப்பு, அதன் மூன்றாம் காலுக்கு ஒரு 50 ஓம் லோடு (சக்தியை விழுங்கும் முனைத்துண்டு). கடைசி மூன்றும் வாடிக்கையாளருக்கு வேண்டிய பொருள்கள் அல்ல. கூடத்தை உரசிப் பார்க்கக் கொண்டுபோன உரைகல். எஸ்-பாராமீட்டர் எண்களை எழுதித் தரும் டச்ஸ்டோன் கோப்பு என்ற பெயருக்கே உரைகல் என்றுதான் பொருள். ஆனால் உரசும் வேலையை அந்தக் கோப்பு தானாகச் செய்யாது.

நல்லதை முதலில். அறை வெப்பம் 23 டிகிரியில் ஒரு டிகிரி கூடக் குறைய நிற்கிறது. அளக்கும் கருவியை (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) ஒன்றரை மணி நேரம் சூடேறவிட்டுத்தான் கேலிப்ரேஷன் (விடை தெரிந்த துண்டுகளை அளந்து கருவியின் பிழையைக் கணக்கிட்டுக் கழிப்பது) தொடங்குகிறார்கள். கனெக்டர் பூட்டும் முறைதான் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட நுரைக் குச்சியால் துடைத்து, காற்றால் உலர்த்தி, இரண்டு பக்கமும் நேர்கோட்டில் வைத்து, நட்டை மட்டும் விரலால் திருகுகிறார்கள். பிறகு கனெக்டரின் உடம்பை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு 0.9 நியூட்டன்-மீட்டர் டார்க் ரெஞ்சை அதன் கைப்பிடி நுனியில் பிடித்து இழுக்கிறார்கள். கைப்பிடி மடங்கத் தொடங்கிய கணத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு சுழன்றால் நடு ஊசி எதிர்ப்பக்கத்து விரல்களை அரைக்கும், தங்கப் பூச்சு உதிரும், உதிர்ந்த துகள் அடுத்த பத்து இணைப்புகளையும் கெடுக்கும். இதை யாரும் சொல்லாமலே செய்கிற கூடம் நல்ல கூடம்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. ஊசி ஆழம் பார்க்கும் கேஜ் அலமாரியில் இருக்கிறது, ஆனால் வேலைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எஸ்.எம்.ஏ., 3.5, 2.92 மூன்றும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் என்பது வசதி, அதுவே ஆபத்தும். மலிவான எஸ்.எம்.ஏ. ஒன்றின் ஊசி கொஞ்சம் வெளியே துருத்தியிருந்தால் போதும், 2.92-இன் பெண் பக்கத்து விரல்களை அது நிரந்தரமாக விரித்துவிடும். ஊசி உள்ளே போயிருந்தால் உடைசல் இல்லை, ஆனால் நடுவில் ஒரு இடைவெளி விழும். தாழ்ந்த அதிர்வெண்ணில் அது தெரியாது. 30-ஐத் தாண்டும்போது எஸ்11 படிப்படியாக மேலேறும், பார்க்கிறவர் அதைப் போர்டின் வியா (அடுக்குகளை இணைக்கும் துளை) செய்த கோளாறு என்று எடுத்துக்கொள்வார்.

கேலிப்ரேஷன் முடிந்ததும் கூடம் தரும் சான்று என்ன? துரூவை (கருவியின் இரண்டு போர்ட்டையும், அதாவது இணைப்பு வாயையும், நேராகச் சேர்க்கும் இணைப்பு) மறுபடி பூட்டி, எஸ்21 0.00 டெசிபெல்லில் தட்டையாக நிற்கும் படத்தை எடுத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று அறிக்கையில் ஒட்டுகிறார்கள். இந்தப் படத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. கேலிப்ரேஷனில் பயன்பட்ட அதே துரூவைத் திரும்ப அளந்தால், கணக்கு என்ன விடையைத் தர வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தாயிற்று. அது அதையே ஒப்பிக்கிறது. லோடு கெட்டிருந்தாலும், கேலிப்ரேஷன் கிட்டின் தரவுக்கோப்பே வேறொன்றாக இருந்தாலும், இந்தக் கோடு தட்டையாகத்தான் வரும். கேலிப்ரேஷனில் கலந்துகொள்ளாத ஒரு பொருளை, விடை முன்பே தெரிந்த பொருளை, அளந்து காட்ட வேண்டும்.

அந்தப் பொருளாகத்தான் பீட்டி போனது. இரண்டு முனையும் 50 ஓம், நடுவில் 75 மி.மீ. நீளத்துக்கு 25 ஓம். கால் அலைநீளம் பொருந்தும் இடத்தில் அந்த 25 ஓம் துண்டு எதிர்முனையின் 50-ஐ 12.5 ஓமாக மாற்றிக் காட்டும். 12.5-க்கும் 50-க்கும் பிரதிபலிப்பு 0.6. ஆகவே எஸ்11 உச்சம் -4.44 டெசிபெல், அதே இடத்தில் எஸ்21 0.8, அதாவது -1.94 டெசிபெல். 0.36-ஐயும் 0.64-ஐயும் கூட்டினால் ஒன்று. போன சக்தி முழுக்கக் கணக்கில் வந்துவிட்டது. காற்றில் 75 மி.மீ. என்றால் உச்சங்கள் ஏறத்தாழ 1, 3, 5 கிகாஹெர்ட்ஸிலும், பள்ளங்கள் 2, 4, 6-இலும் விழும். உண்மைப் பொருளில் சிறிது இழப்பு இருப்பதால் மேலே போகப் போக இந்த எண்கள் மெல்ல நகரும். ஆனால் நகர்வு ஒரே சீராக இருக்க வேண்டும், அடுத்தடுத்த உச்சங்கள் ஒன்று கூடி ஒன்று குறையக் கூடாது. பள்ளத்தின் ஆழமும் பேசும்: கருவியில் மிச்சமிருக்கும் டைரக்டிவிட்டி (போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரித்தறியும் திறன்) 36 டெசிபெல்தான் என்றால் பள்ளம் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே தரைதட்டிவிடும். இந்தக் கூடத்தின் பீட்டி கோப்பு 26.5 வரை ஒழுங்காக இருந்தது. உச்சங்கள் சொன்ன இடத்தில், சொன்ன உயரத்தில், பள்ளங்கள் ஆழமாக. முதல் பத்தியில் 26.5 என்ற எண்ணைத் துணிந்து எழுதியது இதனால்தான். 3.5 மி.மீ. பீட்டியை அதற்கு மேலே சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

மேலே 40 வரைக்கு டி-இணைப்பு. ரோடே அண்ட் ஷ்வார்ஸ் 'டி-செக்' என்ற பெயரில் வெளியிட்ட சோதனை இது. செலவில்லாதது, ஆனாலும் பலர் செய்வதில்லை. டி-யின் இரண்டு கால்களை இரண்டு போர்ட்டில் பூட்டி, மூன்றாம் காலில் லோடைப் போட்டு நான்கு எஸ் மதிப்புகளையும் அளக்க வேண்டும். எஸ்11-ஐ எஸ்21-இன் இணைக் கலப்பெண்ணால் பெருக்குங்கள். எஸ்12-ஐ எஸ்22-இன் இணைக் கலப்பெண்ணால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி அளவை மட்டும் எடுங்கள். இது மேலே. கீழே இரண்டு உறுப்புகள்: ஒன்றிலிருந்து எஸ்11, எஸ்12 இரண்டின் அளவு வர்க்கங்களைக் கழித்தது ஒன்று, எஸ்21, எஸ்22 இரண்டின் அளவு வர்க்கங்களைக் கழித்தது மற்றொன்று, இவற்றின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் 1 வர வேண்டும். காகிதத்திலேயே பார்க்கலாம்: நல்ல டி-யில் எஸ்11 கழித்தல் மூன்றில் ஒன்று, எஸ்21 மூன்றில் இரண்டு, மேலே 4/9, கீழே 4/9, விடை 1.

இதன் அழகு, லோடு துல்லியமாக 50 ஓம் ஆக இருக்கத் தேவையில்லை என்பது. டி-யில் இழப்பு இல்லாமல் இருந்தால் போதும். விடை 1-லிருந்து 10 சதவீதத்துக்குள் விலகினால் நல்ல கேலிப்ரேஷன், 15 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் போர்டை அளக்காதீர்கள், கேலிப்ரேஷனைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: மூன்றாம் காலுக்குச் சக்தியே போகாத அதிர்வெண்களில் கீழே உள்ள எண் பூச்சியத்தை நெருங்கும், அங்கே விடை ஊசிபோல் குதிக்கும். தனித்தனி ஊசிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். பரவலாக மேலேறும் கோடுதான் கவலைப்பட வேண்டியது.

இங்கே வந்தது அந்த மாதிரிக் கோடுதான். 30 வரைக்கும் 10 சதவீதத்துக்குள் கட்டுப்பட்டு நின்றது, பிறகு ஏறத் தொடங்கி 34-ஐத் தாண்டியதும் 15-ஐக் கடந்துவிட்டது. இரண்டாம் போர்ட் கேபிளின் நுனி அடாப்டரைக் கழற்றி கேஜில் வைத்துப் பார்த்தபோது ஊசி உள்வாங்கியிருந்தது. அடாப்டரை மாற்றி, கேலிப்ரேஷனைத் திரும்பச் செய்து, டி-யை மறுபடி பூட்டியதும் கோட்டில் ஓரிரு குதிப்புகள் தவிர 40 வரை 10 சதவீதத்துக்குள் அடங்கியது. கட்டணம் கேட்கவில்லை. ஆனால் முதல் கோப்பை வாங்கிப் போயிருந்தால் அந்த ஊசியின் குற்றம் போர்டின் தலையில் விழுந்திருக்கும்.

அதிர்வெண் புள்ளிகள் இன்னொரு பிரச்சினை. முதலில் வந்த கோப்புகள் எல்லாம் 201 புள்ளிகள், கருவியைத் திறந்ததும் இருக்கிற அமைப்பு. 40 கிகாஹெர்ட்ஸை 200 படியாக வெட்டினால் படி 200 மெகாஹெர்ட்ஸ். அதன் தலைகீழ் 5 நானோசெகண்ட். ஒரு மீட்டர் கோஆக்ஸில் சமிக்ஞை கடக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதே 5 நானோசெகண்ட்தான். விளைவு: ஒவ்வொரு படிக்கும் கட்டக்கோணம் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. கட்டக்கோணப் படத்தில் கேபிளுக்கு நீளமே இல்லாததுபோல் கோடு படுத்திருக்கிறது. தாமதம் அரைச்சுற்றைத் தாண்டி முழுச்சுற்றுக்குள் இருந்தால் இன்னும் மோசம்: புள்ளிகள் எதிர்த்திசையில் சுழல்வதுபோல் தோன்றும், விடை கேள்விக்கு முன்னே வந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும், காசாலிட்டி (காரணத்துக்குப் பிறகே விளைவு என்ற விதி) மதிப்பெண் சரியும். கேபிளில் குறை எதுவும் இல்லை. படி அகலம், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது: 10 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 10 மெகாஹெர்ட்ஸ் படியாக 40 கிகாஹெர்ட்ஸ் வரை, 4000 புள்ளிகள். தொடக்கமும் படியும் ஒன்றாக இருந்தால் பூச்சியம் வரை நீட்டி நேரக்களத்துக்கு மாற்றுவது சுலபம். ஐ.எஃப். பேண்ட்விட்த் 1 கிலோஹெர்ட்ஸ் போதும். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இரைச்சல் தரை 10 டெசிபெல் இறங்கும், ஆனால் வீச்சு நேரமும் பத்து மடங்காகி, அதற்குள் கேபிள் சூடு நகர்ந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் 4000 புள்ளிகளுக்கு ஒரு வீச்சு சில விநாடிகள்தான்; நேரமில்லை என்பது காரணமாகாது. சொன்னவுடன் மறுபடி அளந்து கொடுத்தார்கள்.

கோப்பின் உள்ளே போவோம், சண்டை போட வேண்டியது இங்கேதான். 2எக்ஸ்-துரூ கோப்பில் எஸ் மேட்ரிக்ஸின் மிகப் பெரிய சிங்குலர் மதிப்பை (போட்ட அலைக்கு வெளிவரும் அலையின் மிகப் பெரிய விகிதம்) ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கணக்கிட்டால், கீழ்ப்பகுதியில் பல புள்ளிகளில் அது மிகச் சரியாக 1.000 என்று வரிசையாக நின்றது. இயற்கையில் அளந்த எதுவும் அப்படி நிற்காது. ஒன்றுக்குக் கீழே ஆடிக்கொண்டோ, பிழை இருந்தால் ஒன்றை எட்டிப்பார்த்துக்கொண்டோ இருக்கும். தட்டையாக வெட்டியிருந்தால் யாரோ மென்பொருளால் பாசிவிட்டியை (போட்டதைவிட அதிகச் சக்தி வெளியே வராது என்ற விதி) திணித்திருக்கிறார்கள். கேட்டபோது மறைக்கவில்லை: சிமுலேஷனில் தகராறு வரக் கூடாது என்று எல்லாக் கோப்பையும் 'சுத்தம்' செய்து தருவது வழக்கமாம். எண்ணம் நல்லது. ஆனால் ஒரு அளவை, போட்டதைவிட அதிகச் சக்தி வெளியே வருகிறது என்று சொன்னால், அது கேலிப்ரேஷன் எங்கே கோணலாகிறது என்று காட்டும் முதல் அறிகுறி. அந்த அறிகுறியைத் துடைத்துவிட்டுக் கோப்பைத் தருவது காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவது போன்றது. சுத்தம் செய்ததை வேண்டுமானால் இரண்டாவது கோப்பாகத் தரட்டும். மூலக்கோப்பு கட்டாயம் வேண்டும்.

எண்களை எழுதும் முறையிலும் கவனம் தேவை. டெசிபெல்லும் கோணமுமாக, இரண்டு தசமத்தோடு எழுதியிருந்தார்கள். 0.01 டெசிபெல் என்பது வீச்சில் 0.1 சதவீதத்துக்கும் சற்று மேலே. இழப்பு குறைந்த பொருளில் அந்தச் சில்லறையே பாசிவிட்டியை மீறவைக்கப் போதும். மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி வடிவில் ஆறேழு இலக்கத்தோடு கேளுங்கள். இரண்டு-போர்ட் கோப்பில் வரிசை எஸ்11, எஸ்21, எஸ்12, எஸ்22. மூன்று போர்ட்டிலிருந்து வரிசை மாறி எஸ்11, எஸ்12, எஸ்13 என்று போகும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் வழுக்கும் இடம் இது. நான்கு போர்ட்டில் 1-லிருந்து 2-க்கா, 1-லிருந்து 3-க்கா என்பதை எங்கேயும் எழுதாமல் அனுப்பியிருந்தார்கள். தவறாக எடுத்துக்கொண்டால் நல்ல டிஃபரென்ஷியல் ஜோடிகூட (எதிரெதிர் சமிக்ஞை ஓடும் இரட்டைத் தடம்) அறுந்த கம்பிபோல் தெரியும்.

இத்தகைய அளவைகளின் தரத்தைச் சொல்லும் ஐ-டிரிபிள்-ஈ 370 தரநிலையின்படி மதிப்பெண் போட்டுத் தருவார்களா என்றால், கேட்டால் தருவார்கள். பாசிவிட்டிக்கும் ரெசிப்ரோசிட்டிக்கும் (இரண்டு திசையிலும் ஒரே மாதிரி கடப்பது) 99.9-க்கு மேல் நல்லது, 99 வரை ஏற்கலாம், 80-க்குக் கீழே போனால் தள்ளிவிட வேண்டும். காசாலிட்டிக்கு 80-க்கு மேல் நல்லது, 50 வரை ஏற்கலாம், 20-க்குக் கீழே பயனில்லை. இந்தக் கணக்குக்கான நிரல்கள் இலவசமாகவே கிடைப்பதால் வாடிக்கையாளரே வீட்டில் போட்டுப் பார்க்கலாம், போட வேண்டும். ஆனால் மூன்றிலும் நூறு வாங்கிய கோப்பும் தவறாக இருக்கலாம். போர்டின் இழப்பை ஒரு டெசிபெல் கூட்டிக் காட்டும் கோப்பு பாசிவாகத்தான் இருக்கும், இரண்டு திசையிலும் ஒரே மாதிரி கூட்டினால் ரெசிப்ரோகலாகவும் இருக்கும், காசாலிட்டியும் குறையாது. இந்த மதிப்பெண்கள் கோப்பு இயற்பியலுக்கு முரணில்லை என்பதை மட்டும் சொல்கின்றன. உங்கள் போர்டைத்தான் அளந்தார்களா என்பதை பீட்டியும் டி-யும்தான் சொல்லும்.

டீ-எம்பெட்டிங், அதாவது ஃபிக்ஸ்சரின் (கனெக்டரும் அதை ஒட்டிய தடமும்) பங்கைக் கணக்கில் கழித்துவிடுவது, சுருக்கமாக. 2எக்ஸ்-துரூவின் எஸ்21 கோடும் எஸ்11 கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக் கூடாது, 5 டெசிபெல்லாவது இடைவெளி வேண்டும். வெட்டிக்கொண்ட அதிர்வெண்ணுக்கு மேலே கிடைக்கும் விடையை நம்ப வேண்டாம். 2எக்ஸ்-துரூவை அதனாலேயே கழித்துப் பார்த்தால் மிச்சம் 0.1 டெசிபெல்லுக்குள்ளும் ஒரு டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். கூடத்தின் விடை அதற்குள் இருந்தது. அது கணக்கு சரி என்பதற்கு ஆதாரம். போர்டின் ஃபிக்ஸ்சரும் 2எக்ஸ்-துரூவின் ஃபிக்ஸ்சரும் ஒன்றா என்பது வேறு கேள்வி: இரண்டின் நேரக்கள இம்பீடன்ஸ் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எட்சிங் வேறுபாட்டால் இரண்டு மூன்று ஓம் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் முழுக்கப் போர்டின் கணக்கில் ஏறும்.

வேலை முடிவில் டி-யையோ ஷார்ட்டையோ (முனையைக் குறுக்கிணைக்கும் கேலிப்ரேஷன் துண்டு) மறுபடி அளக்கும் பழக்கம் இங்கே இல்லை. இது வர வேண்டும். 40 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 7.5 மி.மீ.; கேபிள் வளைந்து 0.1 மி.மீ. அளவுக்கு மின்நீளம் மாறினாலே 4.8 டிகிரி போய்விடும். காலையில் செய்த கேலிப்ரேஷன் பிற்பகலிலும் நிற்கிறது என்பதற்கு முதலும் கடைசியும் எடுத்த இரண்டு கோப்புகள்தான் ஆதாரம்.

சுவரில் தொங்கும் சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் கூடம் முழுமைக்கும் தரப்படுவதில்லை. எந்த அளவைக்கு, எந்த அதிர்வெண் வரை என்று அட்டவணை இருக்கும். இந்தக் கூடத்தின் அட்டவணை 18 கிகாஹெர்ட்ஸோடு நிற்கிறது. 40 வரையான அறிக்கையில் அந்தச் சின்னத்தை அவர்கள் போடவில்லை, அது நேர்மை. சின்னம் வேண்டும் என்கிற வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்டரில் ஒட்ட வேண்டியதை அப்படியே தருகிறோம்: "10 மெகாஹெர்ட்ஸ் முதல் 40 கிகாஹெர்ட்ஸ், படி 10 மெகாஹெர்ட்ஸ், ஐ.எஃப். 1 கிலோஹெர்ட்ஸ். மெய்-கற்பனை வடிவம். மென்பொருள் திருத்தம் இல்லாத மூலக்கோப்பு. போர்ட் எண்கள் படத்தோடு. கேலிப்ரேஷன் முடிந்ததும், வேலை முடிந்ததும் டி-இணைப்பின் கோப்பு ஒவ்வொன்று. எல்லா 2.92 கனெக்டரின் ஊசி ஆழமும் அறிக்கையில்." இதைக் கண்டு அவர்கள் முகம் சுளிக்கவில்லை, நேரம் அரை நாள் கூடுதல் கேட்டார்கள்.

கோலாலம்பூரிலிருந்து கூரியரில் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு கனெக்டருக்கும் மூடி போட்டு, போர்டைத் தனி நுரைப் பையில் வையுங்கள். அழுத்திப் பூட்டும் கனெக்டர்களின் இரண்டு திருகுகளும் வழியில் தளர்ந்துவிடுகின்றன. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் ஊசி தடத்தில் சாய்ந்து உட்காரும், 20-க்கு மேலே பள்ளம் விழும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கிவிட்டு அளக்கும்படி பெட்டிக்குள் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். டி-இணைப்பையும் உங்களுடையதையே அதே பெட்டியில் அனுப்புங்கள், அடுத்த முறை வேறு கூடத்துக்குப் போனாலும் பழைய கோப்போடு ஒப்பிட அதே துண்டு கையில் இருக்கும்.